முதல் மட்டும் கட்டியவர்

நளீம் சாச்சா செய்த வாசல் கேற்றுகள் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஏராளம் நிற்கின்றன. பார்த்தவுடன் அவர் கைவேலை என்று சொல்லிவிடலாம். கீழ்ச்சட்டத்துக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். மாரியில் ஒழுங்கைகளுக்குள் தண்ணீர் ஏறினால் இரும்பு தண்ணீரில் நின்று துருப்பிடிக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம். கோழி போகிறது, நாய் வருகிறது என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "நாய் வந்தாத் துரத்தலாம், கறள் வந்தாத் துரத்தேலுமா?" என்று கேட்பார்.

அவர் என் வாப்பாவின் தம்பி. கடற்கரை வீதியில் சின்ன வெல்டிங் கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்பதால் ஆங்கிலத்தில் வரும் கடிதம், குறுஞ்செய்தி எல்லாம் என்னிடம் வரும். பொருளியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்த மதிப்பு கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. வாசித்துச் சொல்வேன். வாசித்துச் சொல்வதற்கு மேல் என்னால் ஆனது எதுவும் இல்லை என்பதை சாச்சாவின் விசயத்தில்தான் முழுதாக உணர்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே பெண் பிள்ளை பெற்றவன் ஒரு வீட்டையும் பெற வேண்டும். சாச்சாவுக்கு மூத்தவள் றுஸ்னா. அவளுக்குக் கீழே பள்ளிக்கூடம் போகும் இரண்டு ஆண் பிள்ளைகள். ஸம்ஸியா சாச்சிக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு சுனாமியில் அத்திவாரத்தோடு போயிற்று. அதன் பிறகு ஐந்து பேரும் இரண்டு அறை மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தார்கள். அதற்குள் ஒரு மருமகனைக் கொண்டுவர வழியே இல்லை. சாச்சா பிரதான வீதிக்கு மேற்கே, வயல் தொடங்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு துண்டு வளவு வாங்கினார். அதை வங்கியில் ஈடு வைத்து வீட்டுக் கடன் எடுத்தார். வட்டி வீதம் கடைசிவரை மாறாது என்று எழுதிய கடன். மாதத் தொடக்கத்தில் அவருடைய கணக்கிலிருந்து தவணை தானாக வெட்டுப்படும்.

நாட்டில் எண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை நின்ற வருசம், வெல்டிங் கடைக்காரனுக்கு மின்சாரம் இல்லாத வருசமும்கூட. ஒட்டத் தொடங்கினால் கரண்ட் போய்விடும். அந்த வருசமும் வீட்டுத் தவணை ஒரு முறையாவது பிந்தவில்லை. சாச்சியின் காப்பு போனது, தையல் மெசின் போனது, தவணை போகவேண்டிய இடத்துக்குப் போனது. அப்போதுதான் சாச்சாவுக்கு ஒரு யோசனை வந்தது. கரண்ட் கடைக்கு வராவிட்டால் ஜெனரேற்றரை ஏற்றிக்கொண்டு வேலை கிடக்கும் இடத்துக்குப் போகலாம். மாவடிப்பள்ளி, நாவிதன்வெளி வயல்களில் அறுவடை நேரம் வெட்டு மெசின்கள் உடைந்து நிற்கும். அங்கேயே போய் ஒட்டிக் கொடுத்தால் விவசாயி கேட்ட காசைத் தருவான். நிலைமை கொஞ்சம் தேறியதும் அதற்காக ஒரு நிதிக் கம்பனியில் லீசிங் போட்டு, பட்டா என்று சொல்லும் பழைய சின்ன லொறி ஒன்று எடுத்தார்.

வீட்டுக்கு ஒரு கடன், லொறிக்கு ஒரு கடன். இரண்டையும் ஒழுங்காகக் கட்டிவந்த மனிதர்தான் அவர்.

நோன்பு முடிந்த கையோடு றுஸ்னாவுக்கு மருதமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றிபாத், தனியார் மருந்தகம் ஒன்றில் மருந்தாளர். ஐந்து நேரமும் பள்ளியில் தொழுபவர், அதிகம் கதைக்காதவர். அவருடைய உம்மா சல்மா உம்மாவோ இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பவர். வீடு பார்க்க வந்த அன்று பூசாத சுவரைத் தட்டிப் பார்த்தார், குசினிக்குள் போய் நின்று பார்த்தார், குளியலறைக் கதவைச் சாத்தித் திறந்தார்.

"குசினி காணாது. என்ட மகனுக்குச் சோறு வேணும், உங்கட மகளுக்கு நிக்க எடம் வேணும். ரெண்டுல ஒண்டுதான் இதுக்குள்ள நடக்கும்."

"சின்னக் குசினியெண்டா மாமிமாருக்கு உள்ளுக்க வர எடமிரிக்காது. அதுவும் நல்லந்தானே?" என்றார் சாச்சி.

சல்மா உம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். காரியம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கியது. அப்போதுதான் றிபாத் வாய் திறந்தார்.

"மாமா, ஊடு சின்னதெண்டாலும் பரவால்ல. ஓலைக் கொட்டிலெண்டாலும் நான் வருவன். வட்டியில இரிக்கிற ஊட்டுக்குள்ள மட்டும் வரமாட்டன். குறையா நெனைக்காதீங்க."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க அங்கே இருந்த எவராலும் முடியாது. சாச்சாவின் முகத்தைப் பார்த்தேன். அவமானப்பட்டிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, அவர் கண் கலங்கி இருந்தது சந்தோசத்தில். இப்படி ஒரு பிள்ளை தன் மகளுக்குக் கிடைக்கிறதே என்ற சந்தோசம்.

"வருசக் கடைசிக்குள்ள இந்த ஊட்ட வட்டியிலிருந்து எடுத்துத் தாறன் மகன்" என்றார். "அதே பேங்கில இஸ்லாமியப் பிரிவு இரிக்கி. கடன அதுக்கு மாத்தி, மகள்ட பேருக்கு எழுதித்தான் நிக்காஹ்."

நடக்கக்கூடிய காரியம்தான். இஸ்லாமியப் பிரிவில் வட்டிக் கடன் கிடையாது. வங்கி வீட்டில் பங்கு வாங்கிக்கொள்ளும், நாங்கள் வாடகையும் கொடுத்து வங்கியின் பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவர வேண்டும். ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்றால் மாற்றித் தருவார்கள். மதிப்பீட்டுக்காரர் வரமுன் வீட்டைப் பூசி, கதவு ஜன்னல் போட்டு, மாநகரசபைச் சான்றிதழும் எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். சாச்சா வேலையைத் தொடங்கினார். இரவில் கடையைச் சாத்திய பிறகு அந்த வீட்டுக்கென்று ஒரு கேற்றும் செய்துவந்தார். கொடியும் பூவுமாக வளைத்த கம்பிகள். காசுக்குச் செய்யும் வேலையில் அவ்வளவு நுணுக்கம் அவர் காட்டியதில்லை. நிக்காஹ் அன்று காலையில்தான் வீட்டு வாசலில் பூட்டுவேன் என்று சாக்குப் போட்டு மூடி வைத்தார்.

றிபாத் சொன்ன வார்த்தை சாச்சாவுக்குள் எரிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வழி கிடைத்துவிட்டது, லொறிக்கு? இஸ்லாமியப் பிரிவில் பழைய லொறியை எடுக்கமாட்டோம் என்றுவிட்டார்கள். லீசிங் கம்பனி தந்த தாளில் ஒவ்வொரு மாதத் தவணையும் இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும், முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று. சாச்சா யாரிடமும் கேட்கவில்லை. மௌலவியிடம் கேட்கவில்லை, சாச்சியிடம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து முதல் என்று எழுதியிருந்த தொகையை மட்டும் கொண்டுபோய்க் கட்டினார். சொன்ன திகதிக்கு, சதம் குறையாமல், ஒவ்வொரு மாதமும்.

லீசிங்கின் தொடக்க வருசங்களில் வட்டிதான் பெரிது, முதல் சிறிது. ஆகவே அவர் கட்டியது தவணையில் பாதியும் இல்லை. கம்பனியின் கணக்கில் அவர் முதல் மாதத்திலேயே தவறிய ஆள். அவருடைய கணக்கில் அவர் சுத்தமான ஆள்.

கம்பனிக்காக வசூலுக்கு வருகிறவர் டிலக்சன், பாண்டிருப்புக்காரர். அவர் கடைக்கு வந்த ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன்.

"நாநா, இந்த மாசமும் அரைவாசிதான் விழுந்திருக்கு."

"அரைவாசி இல்ல தம்பி. முதல் முழுசும் கட்டிட்டன்."

"வட்டி?"

"அது உங்கட. நான் தொட மாட்டன்."

"நீங்க தொட வேணாம் நாநா, எங்களுக்குத் தந்தாக் காணும்."

சாச்சா முகமூடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "வாங்கிறவனுக்கும் பாவம், குடுக்கிறவனுக்கும் பாவம், எழுதிறவனுக்கும் பாவம். நீங்களும் இந்த வேலைய உட்டுட்டு எனக்கிட்ட வாங்க. வெல்டிங் பழக்கிறன்."

"நீங்க தாற சம்பளத்தில என்ட பைக்குக்குப் பெற்றோல் அடிக்கேலாது." டிலக்சனும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பகிடி இல்ல நாநா. கிரிப்பில விழுந்திரும். பிறகு எந்த பேங்கிலயும் போய் நிக்கேலாது."

கிரிப் என்பது எங்கள் ஊரில் கடன் எடுத்த எல்லோருக்கும் தெரிந்த சொல். யார் எங்கே கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டினாரா, பிந்தினாரா என்று எல்லா வங்கியும் கம்பனியும் கொழும்பில் ஒரே இடத்துக்கு அறிவிக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி இருக்கிறது. பிந்தினால் புள்ளி இறங்கும். புதிதாகக் கடன் கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

"நான் இனிமேல் வட்டிக்கு ஆருக்கிட்டயும் போய் நிக்கப் போறதில்ல தம்பி" என்றார் சாச்சா. "பிறகு எனக்கென்னத்துக்கு உங்கட கிரிப்பு?"

டிலக்சன் பைக்கில் ஏறிப் போய்விட்டார். பல்கலைக்கழகத்தில் இதையெல்லாம் படித்தவன் நான். அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று அந்த நிமிசம் எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் ஒப்பந்தம், தாமதக் கட்டணம் என்று ஏதோ சொல்லியிருப்பேன். அவர் மனதில் இருந்த கேள்வி அதுவல்ல. கையெழுத்து வைத்துவிட்ட ஒரு பாவத்திலிருந்து பாதியில் எப்படி இறங்குவது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு அவர் தனியாக ஒரு விடை கண்டுபிடித்திருந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு இப்போதும் விளங்கவில்லை. அதே மாதங்களில் வீட்டுக் கடனின் வட்டி அவர் கணக்கிலிருந்து வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. அதை அவர் நிறுத்தப் பார்க்கவில்லை. லொறி போனால் அவருடையது போகும். வீடு போனால் மகளுடையது போகும். ஒருவன் தன் சொந்தப் பொருளை வைத்துத்தான் தன் ஈமானைச் சோதிக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

வீடு பூசி முடிந்தது. சான்றிதழும் கிடைத்தது. மாரி தொடங்கி வானம் இருண்டிருந்த ஒரு நாள் கடன் மாற்றத்துக்கு விண்ணப்பித்தோம். சில நாட்களில், பதில் வந்துவிட்டது, வாருங்கள் என்று வங்கியிலிருந்து அழைத்தார்கள். சாச்சா இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தார். ஆங்கிலம் வாசிக்க நான் கூடப் போனேன்.

கடன் பிரிவில் இருந்தவர் மீனாம்பிகை மிஸ், காரைதீவுக்காரர். அவருடைய வீட்டுக் கேற்றும் சாச்சாவின் வேலைதான்.

"வாங்க நளீம் நாநா. உங்கட கேற்றுக்குக் கீழால பக்கத்து வீட்டு நாய் வந்து என்ட செருப்பைக் கொண்டு போகுது."

"நாய்க்கு உங்கட செருப்பில ஆசை மிஸ். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் சிரித்தபடி கணினித் திரையைத் திருப்பினார். சிரிப்பு நின்றது. மேலும் கீழும் பார்த்தார்.

"நாநா, பட்டா ஒண்டு லீசிங்கில இருக்கா?"

"ஓம்."

"அதில ஏன் இப்படி விட்டுட்டீங்க? மாசக்கணக்காப் பாக்கி காட்டுது. உங்கட புள்ளி விழுந்து போய்க் கிடக்கு. இஸ்லாமியப் பிரிவில ஏலாதெண்டு எழுதியிருக்கிறாங்க."

சாச்சா தான் செய்ததை விளக்கினார். முதல் முழுதும் கட்டியதை, திகதி தவறாததை, எல்லாவற்றையும் அமைதியாகச் சொன்னார். மிஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடிந்ததும் மேசையில் இருந்த பேனையை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

"நீங்க கட்டினத அவங்க முதலில கழிக்கயில்ல நாநா. தாமதக் காசுக்கும் வட்டிக்கும்தான் எடுத்திருக்கிறாங்க. ஒப்பந்தத்தில அப்படித்தான் எழுத்து. முதல் அப்படியே கிடக்கு."

சாச்சா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். உண்மைதான். இத்தனை மாதமும் அவர் முதலென்று நினைத்துக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் வட்டியாகவே போயிருந்தது.

சாச்சா மிஸ்ஸிடம் திரும்பிக் கேட்டார். "இஸ்லாமியப் பிரிவும் இந்தக் கிரிப்பத்தான் பார்க்கிற?"

"அவங்களும் பார்க்கத்தான் வேணும்."

"அப்ப என்ட ஊட்டுக் கடனுக்கு என்ன நடக்கும்? வட்டியக் கூட்டுவாங்களா? ஊட்டப் பறிப்பாங்களா?"

"ஐயோ இல்ல. இருக்கிற கடனுக்கு ஒண்டும் நடக்காது. வட்டி அதேதான், தவணை அதேதான். உங்கட புள்ளி எவ்வளவு விழுந்தாலும் அதில ஒரு சதம் கூடாது. நீங்க ஒழுங்காக் கட்டுறவரைக்கும் ஒருத்தரும் வீட்டில கை வைக்கேலா. ஆனா அத மாத்தேலாது நாநா. வேற இடத்துக்குக் கொண்டுபோகேலாது. மேலதிகமா எடுக்கேலாது. மகள்ட பேருக்கு எழுதிறதெண்டாலும் எங்கட சம்மதம் வேணும், அதுக்கும் இதைத்தான் பார்ப்பாங்க."

முதலில் சாச்சாவின் முகம் தெளிந்தது. வீடு போகாது என்பதுதான் அவர் காதில் விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல மற்றதும் விழுந்தது.

"அப்ப வட்டியில கிடக்கிறதுக்கு நான் நல்ல ஆள்" என்றார். "வெளிய வாறதுக்குத்தான் கூடாத ஆள்."

மிஸ் திரையைப் பழையபடி திருப்பி வைத்தார்.

"இப்ப லொறிய வித்து எல்லாத்தையும் கட்டினா?"

"கட்டுங்க நாநா. கட்டத்தான் வேணும். ஆனா பிந்தின மாசமெல்லாம் அதில பதிஞ்சு கிடக்கும். கட்டி முடிச்சு, கொஞ்சக் காலம் சுத்தமா இருந்து காட்டினாத்தான் திரும்பப் பார்ப்பாங்க. ஒரு வருசமோ, கூடவோ. நான் ஒரு திகதி சொல்லி உங்களுக்கு ஆசை காட்டக்கூடாது."

நிக்காஹ் நாள் அடுத்த மாதம் இருந்தது.

வெளியே வந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. லொறிக்குள் ஏறி இருந்தோம். சாச்சா சாவியைப் போட்டார், திருப்பவில்லை. இந்த லொறிக்குள் இருப்பதுகூட இப்போது அவருக்கு அருவருப்பாக இருக்குமோ என்று நினைத்தேன். கண்ணாடியில் மூடியிருந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தார். "மௌலவிட்ட ஒரு சொல் கேட்டிரிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு கேட்டார். மௌலவி கோபிக்கவில்லை. "வட்டிக்குள்ள போனது பிழை நளீம். வெளிய வர நெனச்சதும் சரி. ஆனா ஒப்புக்கொண்டதக் கட்டி முடிச்சிட்டுத்தான் வெளிய வரணும். அரைவாசியில உடச்சா அதுவும் கேள்விக்குரியதுதான்" என்றாராம். இதைச் சாச்சா வீட்டில் வந்து சொன்னபோது ஸம்ஸியா சாச்சி வெடித்தார்.

"எல்லாம் முடிஞ்ச பொறகுதான் உங்களுக்கு மௌலவி ஞாபகம் வரும். புள்ளட வாழ்க்கைய வெல்டிங் பண்ணி ஒட்டுவீங்களா இப்ப?"

சாச்சா தலை குனிந்திருந்தார். சாச்சி கொஞ்சம் அடங்கி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச கேளுங்க. மாத்தியாச்சு எண்டு மாப்பிள்ள ஊட்டுக்குச் செல்லிப் போடுவம். ஆரு பேங்குக்குப் போய்க் கேக்கப் போற? ஒரு வருசமெண்டுதானே அந்தப் பேங்குப் புள்ள செல்லியிரிக்கி. வருசம் போனதும் மெய்யாவே மாத்திப் போடலாம். அல்லாஹ் மன்னிப்பான்."

சாச்சா மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. நானும் மனதுக்குள், செய்யுங்கள், ஒரு வருசம்தானே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து றுஸ்னாவின் குரல் வந்தது.

"அவர் நடுச்சாமத்தில தஹஜ்ஜுதுக்கு எழும்பித் தொழுதிட்டு வந்து படுப்பாரு. பக்கத்தில எனக்கு நித்திர வருமா உம்மா?"

அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மருதமுனைக்கு சாச்சாவும் வாப்பாவும் நானும் போனோம். சல்மா உம்மா பலகாரம் வைத்தார், கலியாண மண்டபத்தின் கதிரை உறை நிறத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். சாச்சா தேநீரைத் தொடாமல் விசயத்தைச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஒரு வருசம், ரெண்டு வருசம் பொறுங்க. நான் மாத்தித் தாறன். இல்லாட்டி வாடகைக்கு ஒரு ஊடு எடுத்துத் தாறன், அதுல ரெண்டு பேரும் இரிக்கட்டும்."

"வாடகை ஊட்டுக்கு மாப்பிள்ள அனுப்பின ஆக்கள் மருதமுனையில இரிக்காங்களா?" சல்மா உம்மாவின் குரலில் கோபத்தை விடக் கலக்கம்தான் இருந்தது. "நான் ஊருக்கு என்ன செல்லுற? ஊடு பார்த்தன், சாமான் பார்த்தன், நாள் எடுத்தன். இப்ப மாப்பிள்ள வாடகைக்கு எண்டு செல்லவா?"

எல்லோரும் றிபாத்தைப் பார்த்தார்கள்.

"நீங்க மறைக்காமச் செல்லினது பெரிய விசயம் மாமா" என்றார். "எனக்கு வாடகை ஊடு பிரச்சினையில்ல. உம்மாட சொல்லையும் தாண்டேலாது."

அவ்வளவுதான். ஓலைக் கொட்டிலுக்கும் வருவேன் என்று சொன்னவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்னபோது மெய்யாகத்தான் சொன்னார். வாசலில் செருப்பைத் தேடியபோது சாச்சாவின் கையைப் பிடித்து நீண்ட நேரம் விடாமல் நின்றார். ஒரு கிழமை கழித்து, கொடுத்த மோதிரமும் சாரியும் மரியாதையாகத் திரும்பி வந்தன. சாச்சி அந்தப் பார்சலைப் பிரிக்கவில்லை.

அன்று மருதமுனையிலிருந்து வரும் வழியில் வாப்பாதான் ஆத்திரப்பட்டார். ஓலைக் கொட்டிலுக்கும் வருவேனென்றவன் உம்மாவின் சொல்லுக்குப் பயந்து பின்வாங்கிவிட்டானென்று றிபாத்தை ஏசினார். சாச்சா குறுக்கிட்டார். "அந்தப் புள்ளய ஒண்டும் செல்லாதீங்க நாநா. அவன் கேட்டது சரியானத. நான்தான் குடுக்கயில்ல."

லொறியை விற்றார். விற்ற காசில் லீசிங் கம்பனிக்கு முதல், வட்டி, தாமதக் காசு எல்லாம் கட்டி முடித்தார். நானும் போயிருந்தேன். டிலக்சன் வெளியே வந்து, "முடிஞ்சுது நாநா. இனி நான் உங்கட கடைப் பக்கம் வந்தா கேற்றுக்குத்தான் வருவன்" என்றார். சாச்சா சிரிக்க முயன்றார். கம்பனிப் படிக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. போய்க் கையைக் கழுவினார். விரலுக்கு விரல் தேய்த்து, தொழுகைக்கு முன் வுளுச் செய்வதைப் போல.

ஜெனரேற்றர் கடையின் மூலையில் கிடக்கிறது. வயல் வேலைக்கு இப்போது வேறு ஆட்கள் போகிறார்கள். சாச்சா மறுபடியும் கடற்கரை வீதிக் கடைக்குள் இருந்துதான் உழைக்கிறார். புதிய வீடு பூசிப் பூட்டியபடி நிற்கிறது. சாச்சியும் பிள்ளைகளும் அங்கே குடிபோகலாம் என்றார்கள். "அது மகள்ட ஊடு" என்று சாச்சா மறுத்துவிட்டார். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, முற்றத்தைக் கூட்டிவிட்டு வருகிறார். றுஸ்னாவுக்கு அதன் பிறகு இரண்டு இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள். இரு பக்கத்தாரும் முதலில் கேட்டது வீட்டுப் பிரச்சினை முடிந்துவிட்டதா என்றுதான்.

போன மாதம் நிந்தவூரிலிருந்து வந்த ஒருவர் சாக்கால் மூடியிருந்த கேற்றைக் கண்டு விலை கேட்டார். நல்ல விலை. சாச்சா கொடுக்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு மூன்று சக்கர வண்டியின் மேலே கட்டி ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் பூட்டினார். பிடித்துக்கொள்ள நான் போனேன். றுஸ்னாவும் வந்திருந்தாள். தூறல் விழுந்தபடி இருந்தது. கீழே ஒரு சாண் விட்டு, மட்டம் பார்த்து, கொளுக்கியை ஒட்டி முடித்தார். கொடியும் பூவும் நனைந்து மினுங்கின. பூட்டைப் போட்டுச் சாவியை மகளிடம் நீட்டினார்.

"எனக்கென்னத்துக்கு வாப்பா?"

"வெச்சிரி."

அவள் வாங்கி முந்தானையில் முடிந்தாள். அதற்குள் சாச்சாவின் போன் சத்தம் போட்டது. கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். ஒவ்வொரு மாதமும் இதே நாளில் தருவார், ஒவ்வொரு மாதமும் இதே கேள்வியைக் கேட்பார்.

"கெட்ட சேதியா மகன்?"

வங்கியிலிருந்து வந்த ஆங்கிலக் குறுஞ்செய்தி. மதிப்புக்குரிய வாடிக்கையாளர் என்று தொடங்கியது.

"இல்ல சாச்சா. ஊட்டுத் தவணை வெட்டுப்பட்டிரிக்கி. ஒழுங்காக் கட்டிவாறதுக்கு நன்றி எண்டு போட்டிரிக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் புதிய கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றார். பிறகு குனிந்து, ஈரத்தில் கிடந்த வெல்டிங் ஒட்டுக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.